பக்கத்துப் படுக்கை

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

நீ போனை எடுப்பதே இல்லை. செய்தி அனுப்பினால் 'சரி' என்று ஒரே ஒரு சொல் வருகிறது, அதுவும் மறுநாள். கடிதம் எழுதினால் பதில் போடுவேன் என்று நீதான் சொன்னாய். அதனால் இதோ எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துக் கிண்டல் செய்யாதே. படம் வரைகிறவர்களுக்குக் கையெழுத்து அழகாக இருக்கும் என்பது யாரோ கிளப்பிவிட்ட புரளி.

முதலில் நல்ல செய்தி. என் காமிக்ஸ் முடிந்துவிட்டது. பேய்க்கதை. பெயர் 'பக்கத்துப் படுக்கை'. வரைந்தது, அச்சிட்டது, மடித்தது, தைத்தது எல்லாம் நானே. சட்டைக்குப் பொத்தான் தைக்க நீ கற்றுக்கொடுத்தபோது ஊசியைப் பார்த்தாலே ஓடுவேனே, இப்போது புத்தக முதுகைத் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் ஓட்டை. அட்டைப் படத்தை மட்டும் லினோவில் செய்தேன். லினோ என்றால் ரப்பர் மாதிரி ஒரு தகடு. வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களைச் சின்ன உளியால் தோண்டிவிட்டு, மேலே மை உருட்டி, தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் விழும். விடுதிச் சமையலறையில் ஒரு கரண்டியைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை.

கல்லூரிக் கண்காட்சியில் எனக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். இந்தப் பக்கம் துணிப்பை விற்கிறவள், அந்தப் பக்கம் வாழ்த்து அட்டை விற்கிறவன். காலையில் ஈ ஓட்டினேன். பிறகு ஒரு பையன் வந்து நின்றபடியே முழுவதையும் படித்தான். ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் தன் கூட்டத்தையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். சாயங்காலம் மேசை காலி. எதிரில் இருக்கும் புத்தகக் கடைக்காரர் இன்னும் போட்டுக் கொடு என்கிறார். ஆசிரியர் இதையே இறுதித் தேர்வுக்கு வைத்துவிடு என்கிறார். நம்ப முடிகிறதா?

உனக்கு ஒன்று அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். எல்லாம் தீர்ந்துவிட்டது. அடுத்த முறை போடும்போது பார்க்கலாம். உனக்குப் பேய்க்கதை பிடிக்காது வேறு.

கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒழுங்காக விடுகிறாயா? அம்மாவிடம் கேட்டால் "அவகிட்டயே கேளு" என்கிறாள்.

அன்புடன்,
எலி

*

ஜனவரி 27

எலி,

கடிதம் வந்தது. கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கடையில் நான் முன்பு நின்ற இடத்தில் இப்போது ஒரு பெண் நிற்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடிச் சட்டத்தை மாட்டிவிட்டு, "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறவள். என் முகம் இப்படி ஆன பிறகு முதலாளி என்னை உள்ளறைக்கு மாற்றினாரே, அப்போது வந்தவள். நல்ல பெண்தான். அவளுடைய தம்பி உங்கள் கண்காட்சிக்கு வந்திருக்கிறான்.

நான் உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, இதைப் படிச்சுப் பாருங்க, ஈரக்குலை நடுங்குது" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். கையில் உன் புத்தகம். அட்டை என் பக்கம் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து அவளும் அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சட்டென்று புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "சும்மா ஏதோ பசங்க போட்டது" என்றாள்.

நான்தான் கை நீட்டி வாங்கினேன். பின்னட்டையில் 'எலி' என்று கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தப் பெயரை உனக்கு வைத்தது நான். நீ தொட்டிலில் கிடந்தபோது துணியின் நுனியைக் கடித்துக்கொண்டே இருப்பாய் என்பதால் வைத்தேன்.

உன் கதையில் ஒரு பெண் தன் தங்கையோடு ஒரே அறையில் படுக்கிறாள். அவளுடைய முகத்தில் ஒரு பாதி அசையாது. ஒரு கண் மூடாமலேயே தூங்குகிறாள். தண்ணீர் குடித்தால் வாயோரம் வழிகிறது, தோளால் துடைத்துக்கொள்கிறாள். நான் அப்படித் துடைப்பது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டுதான். நீ புத்தகத்தில் மூழ்கியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு செய்தது அது.

அந்தப் பெண் சங்கடத்தை மறைக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்க தங்கச்சியும் படம்தானே படிக்குது? இதைப் போட்டது யாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டாள். "அவ பூ, பறவைதான் வரைவா" என்றேன். என் பேச்சு குழறுவதால் யாரும் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. அன்றைக்கு அது வசதியாகப் போயிற்று. உன்னை எனக்குத் தெரியாது என்பதுபோலச் சொன்னேனே என்று வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது. அந்த வெட்கம் வேறு.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஒன்று மீந்திருந்தால் அனுப்பியிருப்பாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 5

அக்கா,

அது நீ இல்லை. நீ நினைப்பதுபோல ஒன்றும் இல்லை. தயவுசெய்து முழுதாகப் படி.

ஒரு கதைக்கு எங்கிருந்தாவது ஒரு விதை வேண்டும் என்று ஆசிரியர் சொல்வார். பார்த்தது, கேட்டது, கனவில் வந்தது எல்லாம் கலந்துதான் வரும். உலகத்தில் முகம் அப்படி ஆனவர்கள் எத்தனையோ பேர். தண்ணீர் வழிவதெல்லாம் நான் எங்கோ படித்ததாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று. உனக்கு வந்திருப்பது இடது பக்கம். நான் அவளுக்கு வரைந்தது வலது பக்கம். வேண்டுமென்றேதான் மாற்றி வரைந்தேன். ஆனால் லினோவில் வரைவது அப்படியே விழாது, இடம் வலமாகத் திரும்பித்தான் தாளில் விழும். அட்டைப் படம் வரையும்போது அதை மறந்துவிட்டேன். அதனால் உன்னுடைய பக்கமாகவே விழுந்துவிட்டது. அட்டைக்குப் பொருந்த வேண்டுமே என்று உள்ளே இருந்த படங்களையும் அதே பக்கமாகத் திருத்த வேண்டியதாகிவிட்டது. அச்சில் நேர்ந்த பிழை, அவ்வளவுதான். வகுப்பில் எல்லோருக்கும் நேர்வதுதான். ஒருத்தி செதுக்கிய பெயர்ப் பலகையில் அத்தனை எழுத்தும் இடம் வலம் மாறி வந்தது.

ஒரு அச்சுப் பிழைக்காக என்னிடம் கோபப்படாதே அக்கா. தேர்வு நெருங்குகிறது, எனக்கு வேலையே ஓடவில்லை. அம்மாவிடம் காட்டிவிட்டாயா?

எலி

*

பிப்ரவரி 16

எலி,

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ எழுதியது இரண்டு பக்கம். அதில் என் கேள்விக்குப் பதிலைக் காணோம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேண்டுமென்றே பக்கத்தை மாற்றி வரைந்தேன் என்கிறாய். எவளோ ஒருத்தியின் முகம் என்றால் எதற்காக மாற்ற வேண்டும்? திருடியவன் வண்டிக்கு வேறு வர்ணம் பூசுவதுபோல இருக்கிறது. யார் முகம் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாய்.

சரி, மறந்தாய் என்றே வைத்துக்கொள்வோம். முதல் தாளை எடுத்துப் பார்த்தபோது தெரிந்திருக்குமே. உளி உன் கையில், தகடு உன் முன்னால். பிழையைத் திருத்தாமல் மற்ற படங்களை எல்லாம் பிழைக்குப் பொருத்தமாகத் திருத்தினாய். என்னை முட்டாள் ஆக்காதே. என் முகத்தில்தான் பாதி வேலை செய்யவில்லை.

அம்மாவுக்குக் காட்டவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. கேட்கவே மாட்டாள். இப்போதெல்லாம் என்னிடம் பேசும்போது என் நெற்றியைப் பார்த்துப் பேசுகிறாள்.

விடுமுறைக்கு வர வேண்டாம். உனக்குத் தேர்வு வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன் படுக்கையைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டாயிற்று.

அக்கா

*

பிப்ரவரி 28

அக்கா,

அனுப்பியிருக்க மாட்டேன். அதுதான் பதில். ஒரு பிரதி மீந்துதான் இருந்தது, என் பெட்டிக்குள். அதை வைத்துக்கொண்டுதான் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதினேன்.

இதை எழுதவே கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

லினோ செய்வதற்கு முன்னால் படத்தை மெல்லிய தாளில் வரைந்துகொள்வோம். அந்தத் தாளைக் குப்புறத் திருப்பி வைத்துத் தகட்டில் பதித்துக்கொண்டால் அச்சு சரியான பக்கமாக விழும். எப்போதும் அப்படித்தான் செய்வேன். இந்தப் படத்துக்கு மட்டும் நேராகத் தகட்டிலேயே வரைந்தேன். தாளில் வரைந்தால் அந்தத் தாள் மேசையில் கிடக்கும். என் அறைத்தோழி போன விடுமுறையில் நம் வீட்டுக்கு வந்தவள். உன்னைப் பார்த்தவள். அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ஒளித்து ஒளித்துச் செய்தேன். ஒளித்ததால்தான் திருப்ப மறந்தேன்.

முதல் தாளைத் தூக்கியபோது நீ இருந்தாய். உன்னைப்போல ஒருத்தி இல்லை, நீயேதான். தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்திருக்கலாம். நேரம் இருந்தது. அப்போது ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார். நான் சேர்ந்த நாளிலிருந்து என் படம் எதையும் பார்த்து அவர் அப்படிச் சொன்னதில்லை. "ம், பரவால்ல, அடுத்தது பாரு" என்றுதான் சொல்வார். நான் மறுபடியும் மை உருட்டினேன்.

படம் நன்றாக இருந்தது அக்கா. அதனால்தான் நிறுத்தவில்லை. இதைவிட மரியாதையான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

நீ மருத்துவமனையிலிருந்து வந்த சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். கதவைத் திறந்தது நான். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். என் செருப்பு என் காலிலேயே இருந்தது. நீ அதைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நீ ஒன்றும் சொல்லவில்லை என்பதும் தெரியும். அதற்குப் பிறகு ஒரே அறையில் இருந்தும் நீ விழித்திருக்கும்போது உன் முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை. நீ தூங்கிய பிறகுதான் பார்ப்பேன். ஆசை தீரப் பார்ப்பேன். அதனால்தான் என் கதையில் அவள் எப்போது பார்த்தாலும் தூங்குகிறாள். அவள் விழித்திருக்கும்போது எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் அதைப் பயங்கரமான உத்தி என்று பாராட்டினார்கள்.

புத்தகக் கடைக்காரரிடம் இனிமேல் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன். தேர்வுக்கும் இது இல்லை. ஆசிரியர் ஏன் என்று கேட்டார். "வீட்டுல உள்ளவங்க முகம் சார்" என்றேன். "அவங்ககிட்ட கேட்டியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. விற்ற பிரதிகளைத் திருப்பிக் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். ஒருத்தன், "இனிமே வராதுன்னா இதுக்கு மவுசு கூடிருச்சு, தர மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னான். சமையலறைக் கரண்டியையும் கழுவித் திருப்பி வைத்துவிட்டேன். முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

இந்தப் பொட்டலத்தில் தகட்டை வைத்திருக்கிறேன். நானே வெட்டிப் போட உட்கார்ந்தேன். அப்புறம், அதையும் நான் பாட்டுக்கு உன்னைக் கேட்காமல் செய்வதா என்று தோன்றியது. நீயே வெட்டிவிடு. கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் மெதுவாகிவிடும், கத்தி சுலபமாக இறங்கும்.

எலி

*

மார்ச் 15

எலி,

பொட்டலம் வந்தது. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "என்னடி இது, பலகை மாதிரி கனக்குது?" என்றாள். கல்லூரி வேலை என்றேன்.

அம்மா வெளியே போனதும் நீ சொன்னபடி ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். சமையலறையிலிருந்து கத்தியும் எடுத்து வந்தேன். மெதுவாகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து வேறு என்ன செய்வது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் புரியாமல் இருந்தது. உன் புத்தகத்தைப் பார்த்தபோது எனக்கு அவமானமாக இருந்தது, கோபம் வந்தது, ஆனால் உள்ளுக்குள் 'இது நான் இல்லையே' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்திருக்காவிட்டால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். தகட்டைப் பார்த்ததும் அப்படி இல்லை. சட்டென்று தெரிந்துவிட்டது. இதுதான் நான். காலையில் பல் துலக்கும்போது பார்க்கிறேனே, அதே முகம்.

புத்தகத்தையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கண்ணாடியில் பார்த்தால் என் தொங்கிப்போன பாதி என் இடது கைப் பக்கமாகவே தெரிகிறது. தகட்டிலும் அதே பக்கம். எதிரில் வந்து நிற்கும் உனக்கு அது உன் வலது கைப் பக்கமாகத் தெரியும். புத்தகத்தில் இருப்பது அந்தப் பக்கம். எனக்குத் தெரிந்த என் முகம் தகட்டில் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் பார்க்கிற என் முகம் புத்தகத்தில் இருக்கிறது. முகம் இப்படி ஆனதிலிருந்து யாரையும் என்னைப் படம் எடுக்க நான் விட்டதில்லை. நாளெல்லாம் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில், திரும்பிய பக்கமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் ஒன்றுகூட எனக்கு இதைக் காட்டவில்லை. நீதான் காட்டினாய்.

இதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. நன்றாக அழுதேன். அழுதால் ஒரு கண்ணிலிருந்து நிற்காமல் வழிகிறது. அதையும் நீ பார்த்திருப்பாய், நல்லவேளை வரையவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வயிறு எரிகிறது.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நீ எழுதிவிட்டதால் நானும் சொல்கிறேன். மருத்துவமனையில் இருந்தவரை நான் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. நர்ஸ் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். முதல் சிரிப்பை உன்னிடம்தான் சிரித்துப் பார்க்க வேண்டும், நீதான் பார்த்துவிட்டுக் கிண்டலடிப்பாய், அதில் எனக்கும் சரியாகிப்போகும் என்று வைத்திருந்தேன். வண்டியில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. நீ குனிந்ததும், இனிமேல் யாரிடமும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பாவம், உன் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை வைத்திருக்கக் கூடாது. ஆனால் வைத்தேன்.

உன் கதையின் கடைசிப் பக்கத்தில் தங்கை தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்துகிறாள். அதோடு முடித்துவிட்டாய். உள்ளே இருக்கிறவள் பிறகு என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியாது. நீயும் அப்படித்தானே தினமும் ராத்திரி, கூடத்து வெளிச்சத்தில் படிக்கிறேன் என்று போய்விடுவாய். நான் சொல்கிறேன். எழுந்து உட்கார்ந்தாள். தங்கையின் போர்வையை உதறி மடித்து வைத்தாள். படித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் படுப்பதற்குத் தோதாக விரிப்பைச் சரி செய்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தினமும் அப்படித்தான் செய்தாள். இதில் பேய்க்கதை எதுவும் இல்லை, விற்காது.

தகடு என்னிடமே இருக்கட்டும். வெட்டவில்லை, கத்தி அதன் இடத்துக்குப் போய்விட்டது. இன்னொரு முறை அச்சிட நான் சம்மதிக்க மாட்டேன். இப்போதும் இல்லை, பிறகும் இல்லை. முகம் என்னுடையது. என்னைக் கேட்காமலேயே ஒருமுறை எடுத்துக்கொண்டாய், போதும்.

இப்போது பேச்சில் உதடு சேர வேண்டிய எழுத்துகள்தான் எனக்குக் குழறுகின்றன. 'அம்மா' என்று கூப்பிட்டால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. நேற்று அறையில் தனியாக உட்கார்ந்து 'எலி' என்று சொல்லிப் பார்த்தேன். அது பழையபடியே வருகிறது.

படுக்கையை இறக்கி விரித்துவிட்டேன். விடுமுறைக்கு வா. கதவைத் திறப்பது நானாக இருப்பேன். திறந்ததும் சிரிப்பேன். பாதிதான் வரும். நீ செருப்பைத் தேடக் கூடாது.

அக்கா

*

மார்ச் 22

அக்கா,

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உளி, மை எதையும் எடுத்து வரவில்லை. அம்மாவிடம் தேர்வு வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிடு. முடியவில்லை, புதிதாகத் தொடங்க வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

பயமாக இருக்கிறது. உன் முகத்தை நினைத்து இல்லை. அதைக் கோடு கோடாகச் செதுக்கியவள் நான். கண்ணை மூடினாலும் தெரியும். உன்னைப் பார்த்ததும் என் முகம் என்ன செய்யும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். எப்படி வைத்துக்கொண்டாலும் நடிப்பாகத்தான் இருக்கிறது. கடைசியில் எனக்கே வெட்கமாகி விட்டுவிட்டேன்.

நான் தட்டியதும் ஒரு நிமிடம் பொறுத்துக் கதவைத் திற.

இல்லை, வேண்டாம். பொறுக்காதே. உடனே திறந்துவிடு.

எலி